நீர்மட்டம் ஏறினால் தண்ணீரும் நல்லதாகிவிடுமா? அரைவறண்ட நிலங்களின் நிலத்தடிக் கணக்கு

நிலத்தடி நீர் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் குழப்பம் வரும். நல்ல மழை, நீர்மட்டம் சில மீட்டர் உயர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி. கொஞ்ச நாளில், அதே வட்டாரத்துக் கிணறுகளில் நைட்ரேட் வரம்பைத் தாண்டிவிட்டது என்று இன்னொரு செய்தி. ஓர் ஆய்வு ‘தரக் குறியீட்டின்படி மிக நன்று’ என்கிறது. இன்னோர் ஆய்வு அதே தண்ணீரைக் குடிக்கத் தகாதது என்கிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நீரின் அளவை ஒருவரும் தரத்தை இன்னொருவரும் அளந்து, ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமலே எழுதுவதால் வரும் வினை இது.

இரண்டு கணக்கையும் சேர்த்துவைக்கும் விஷயம் எளிமையானது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருக்கும் உப்பு போகாது. மழை கொட்டும் நாடுகளில் அந்த உப்பை ஆறுகள் அடித்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிடுகின்றன. அரைவறண்ட நிலத்தில் அதற்குத் தேவையான தண்ணீர் எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. ஆகவே அங்கே ‘எவ்வளவு தண்ணீர் இருக்கிறது’ என்று கேட்டால் மட்டும் போதாது, ‘உப்பு எங்கே போகிறது’ என்றும் கேட்டாக வேண்டும்.

அரைவறண்ட நிலம் எது?

மழை குறைவாகப் பெய்யும் இடம் என்று மட்டும் சொன்னால் சரியாக வராது. மழையளவை, அந்த இடத்தில் வெயிலும் காற்றும் ஆவியாக்கக்கூடிய நீரின் அளவால் வகுக்க வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் வகைப்பாட்டில் இந்த விகிதம் 0.20 முதல் 0.50 வரை இருந்தால் அது அரைவறண்ட நிலம். அதாவது வானம் தருவதைப்போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய இடம். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெறும் இடம்கூட வெப்பம் மிகுந்ததாக இருந்தால் இந்த வகையில் வந்துவிடும்.

அப்படியானால் நிலத்துக்கடியில் எதுவுமே போய்ச் சேராதே என்று கேட்கலாம். ஆண்டுச் சராசரியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மழை சராசரியாகப் பெய்வதில்லை. நாலைந்து பெருமழை நாட்களில் மண்ணின் கொள்ளளவைத் தாண்டி வரும் நீர்தான் கீழே இறங்குகிறது. உலகெங்கும் வறண்ட, அரைவறண்ட நிலங்களில் செய்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தால், நீண்டகாலச் சராசரி மழையில் 0.1 முதல் 5 விழுக்காடு வரைதான் நிலத்தடியைச் சென்றடைகிறது.

நீர்வடிப்பகுதியும் நீர்த்தாங்கியும்

ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேடுவரை, பெய்யும் மழையெல்லாம் வடிந்து ஒரே வாயில் வந்து சேரும் நிலப்பரப்புதான் நீர்வடிப்பகுதி. செயற்கைக்கோள் உயரத் தரவுகளை வைத்து இன்று கணினியில் சீக்கிரமே இதன் எல்லையை வரைந்துவிடலாம். நீரைத் தேக்கிவைத்துக் கிணற்றுக்குத் தரக்கூடிய பாறை அல்லது மணல் அடுக்கு நீர்த்தாங்கி. முன்னது தரைக்கு மேலே வரையும் எல்லை, பின்னது தரைக்கு அடியில் இருப்பது. இரண்டும் எப்போதும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்வது பல திட்ட அறிக்கைகளில் காணும் பிழை.

கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளில், மேலே சிதைந்த அடுக்கு கொஞ்சம், அதற்குக் கீழே விரிசல்கள் என்ற அளவில்தான் நீருக்கு இடம். அங்கே நீர்வடிப்பகுதியின் எல்லை ஓரளவு ஒத்துப்போகும். சுண்ணாம்புப் பாறையிலும் ஆழமான படிவுப் பாறையிலும் ஒரு நீர்வடிப்பகுதியில் விழுந்த மழை பக்கத்து நீர்வடிப்பகுதியின் கிணற்றில் போய் நிற்கலாம்.

எவ்வளவு ஊறுகிறது? கண்டுபிடிக்க இரண்டு வழிகள்

1. மட்ட ஏற்றத்தை வைத்துக் கணக்கிடுவது. மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டத்தை அளந்து, ஏறிய உயரத்தைப் பாறையின் ஒப்பு நீர்த்தரவால் பெருக்க வேண்டும். நீரால் நிறைந்த பாறையை அல்லது மணலைத் தானாக வடியவிட்டால் எத்தனை விழுக்காடு நீர் வெளிவருமோ, அதுதான் ஒப்பு நீர்த்தரவு. கடினப் பாறையில் இது 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் ஏற்றம் என்பது 60 மில்லிமீட்டர் நீர். ஆற்று மணலில் 15 விழுக்காடு என்று வைத்தால், அதே 3 மீட்டர் 450 மில்லிமீட்டர் ஆகிவிடும். ‘மட்டம் 3 மீட்டர் உயர்வு’ என்ற தலைப்புச் செய்தி, பாறை எது என்று சொல்லாதவரை பாதிச் செய்திதான். கடினப் பாறையில் மட்டம் சட்டென்று ஏறுவதற்கும், மோட்டார் ஓடத் தொடங்கியதும் மடமடவென்று இறங்குவதற்கும் காரணமும் இதுவே.

2. குளோரைடை வைத்துக் கணக்கிடுவது. இங்கேதான் தரம், அளவுக்கே சாட்சி சொல்கிறது. குளோரைடு மண்ணில் எளிதாக ஒட்டாது, பயிரும் பெரிதாக உறிஞ்சாது, ஆவியாகவும் செய்யாது. மழையோடும் தூசியோடும் கொஞ்சம் வந்து, தண்ணீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடிக் கீழே இறங்கும். ஆண்டு மழை 600 மில்லிமீட்டர், மழையில் குளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம், நிலத்தடி நீரில் 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 40 மடங்கு செறிந்திருக்கிறது. அப்படியென்றால் 600இல் 40இல் ஒரு பங்கு, அதாவது 15 மில்லிமீட்டர்தான் கீழே போயிருக்கிறது. செலவு குறைந்த, அழகான முறை. ஆனால் பொட்டாஷ் உரமோ கழிவுநீரோ பாறையில் இயற்கையாக உள்ள உப்போ கலந்த இடத்தில் செல்லாது.

இரண்டு முறையின் விடைகளும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. முதல் முறை இந்த ஆண்டைச் சொல்கிறது. இரண்டாவது பல பத்தாண்டுகளின், சில இடங்களில் நூற்றாண்டுகளின் சராசரியைச் சொல்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் அறிக்கையைச் சற்றுச் சந்தேகத்தோடு வாசிப்பது நல்லது.

தண்ணீருக்குள் உப்பு வரும் வழிகள்

1. ஆவியாதல். மேலே சொன்ன குளோரைடு கதை எல்லா உப்புக்கும் ஓரளவு பொருந்தும்.

2. பாறை. நிலத்தடி நீர் நகர்வது மெதுவாக; பாறையோடு அது எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவு கரைத்துக்கொள்ளும். இதில் அதிகம் பேசவேண்டியது புளோரைடு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைகளிலும், தென்னிந்தியாவில் நல்கொண்டா, தருமபுரி போன்ற கடினப் பாறைப் பகுதிகளிலும் இதைத் தாண்டிய கிணறுகள் பல.

புளோரைடின் சூட்சுமம் கால்சியத்தில் இருக்கிறது. நீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் அது புளோரைடைப் பிடித்துக் கால்சியம் புளோரைடாகப் படியவைத்து, ஓர் அளவுக்குமேல் ஏறவிடாது. ஆனால் அரைவறண்ட நிலத்தில் கால்சியம் நிலைத்து நிற்பதில்லை. ஆவியாதலால் நீர் செறியும்போது கால்சியம் பைகார்பனேட்டோடு சேர்ந்து மண்ணிலேயே சுண்ணாம்புக் கட்டிகளாகப் படிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதைக் களிமண் வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் கிடைப்பது சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த, காரத்தன்மை கூடிய நீர். காவலுக்குக் கால்சியம் இல்லாததால் புளோரைடு தாராளமாகக் கரைகிறது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. கால்சியம் குறைந்த நீர் சோப்பில் நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியாது, வாயிலும் கரிக்காது. மக்கள் ‘நல்ல தண்ணி’ என்று தேடிப் பிடிக்கும் கிணறே அந்த வட்டாரத்தில் புளோரைடு மிகுந்த கிணறாக இருக்கக்கூடும். புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தால் போகாது; நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். பற்களில் பழுப்புக் கறையும், நாட்பட்டால் எலும்பு, மூட்டு இறுக்கமும் தெரிந்த பிறகுதான் பல ஊர்களில் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். வெப்பமான இடங்களில் மக்கள் குடிக்கும் நீரின் அளவே அதிகம் என்பதால், அதே 1.5 மில்லிகிராம் நீரிலிருந்துகூட உடலுக்குள் போகும் மொத்தம் கூடுதல்.

3. மனிதர்கள். உரம், கால்நடைக் கழிவு, கழிப்பறைக் குழிகள் ஆகியவற்றிலிருந்து நைட்ரேட் வருகிறது. மேலாகக் கிடக்கும் நீர்த்தாங்கிகளில் ஆக்சிஜன் இருப்பதால் அது சிதையாமல் அப்படியே தங்கிவிடும். யுரேனியம் உள்ள பாறைகளில், நைட்ரேட் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றவும் உதவக்கூடும். யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தற்காலிக வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

4. பாசனச் சுழற்சி. கவனம் குறைவாகவும் பாதிப்பு அதிகமாகவும் உள்ள வழி இது என்பது என் கணிப்பு. கிணற்று நீரில் கரைந்துள்ள திடப்பொருள், அதாவது பெரும்பாலும் உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வையுங்கள். யாரும் குறை சொல்லாத தண்ணீர். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் அது 5,000 கனமீட்டர். அதோடு வயலில் இறங்கிய உப்பு 2.5 டன். பயிரும் வெயிலும் நூற்றுக்கு 80 பங்கு நீரை எடுத்துக்கொண்டு, 20 பங்கு திரும்பக் கீழே இறங்கினால், அந்த நீரில் உப்பு லிட்டருக்கு 2,500 மில்லிகிராம். அதே கிணறு அதை மறுபடி மேலே இறைக்கிறது. நீர் வெளியேற வழியில்லாத மூடிய நீர்வடிப்பகுதி ஒன்றில் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருந்தால், வெளியிலிருந்து யாரும் எதையும் கொட்டாமலே தண்ணீர் கரிக்கத் தொடங்கும்.

மட்டம் ஏறும்போது என்ன நடக்கிறது

ஏறும் மட்டம் எப்போதும் நல்ல செய்தி என்ற நம்பிக்கையை உடைக்க ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்கள் போதும். ஆழ வேரோடிய அசல் காடுகளும் புதர்களும் இருந்தவரை பெய்த மழையில் ஏறக்குறைய முழுவதையும் அவை குடித்துவிட்டன. மழையோடு வந்த கொஞ்சம் கொஞ்சம் கடலுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணின் அடுக்குகளில் சேர்ந்து கிடந்தது. காட்டை அழித்துப் பருவப் பயிரும் புல்லும் வைத்தபோது வேர்கள் குட்டையாயின. மிஞ்சிய நீர் கீழே இறங்கி மட்டத்தை ஏற்றியது. ஏறிய நீர் அந்தப் பழைய உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தது. தரைக்கு இரண்டு மீட்டர் அளவுக்கு நெருங்கியதும் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே உறிஞ்சப்பட்டு ஆவியானது. நிலம் உவர்ந்துபோனது.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுத் தென்மேற்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1970களிலும் 80களிலும், சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பான சாகேல் பகுதி கடும் வறட்சியில் வாடிய காலத்திலேயே அங்கே நீர்மட்டம் ஏறியது. காட்டுப் புதர்களை அழித்ததால் மண் மேலோடு இறுகி, மழை நீர் ஓடிக் குட்டைகளில் தேங்கி, அங்கிருந்து கீழே இறங்கியதுதான் காரணம். மழையளவை மட்டும் பார்த்திருந்தால் இதை யாரும் ஊகித்திருக்க முடியாது. அதனால்தான் நீர்வடிப்பகுதி மதிப்பீட்டில் நிலப்பயன்பாட்டு வரைபடம் மழைமானி அளவுக்கே முக்கியம்.

தொடக்கத்தில் சொன்ன நைட்ரேட் செய்திக்கும் விடை இங்கேதான். வறண்ட மாதங்களில் மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே உள்ள அடுக்கில் உப்பும் நைட்ரேட்டும் தேங்கிக் கிடக்கின்றன. முதல் பெருமழை அவற்றைக் கழுவிக் கீழே தள்ளுகிறது. ஏறும் மட்டமும் அவற்றைத் தொட்டுக் கரைக்கிறது. மழைக்குப் பின் சில வாரங்கள் எண்கள் ஏறி, பிறகு நல்ல நீர் தொடர்ந்து வந்தால் இறங்கும். புளோரைடில் நிலைமை வேறு. அங்கே மட்டம் இறங்கி, போர்வெல்லை ஆழப்படுத்தி, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரைத் தொடும்போதுதான் பல இடங்களில் அளவு எகிறுகிறது. ஆகவே ‘மழைக்குப் பின் தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா’ என்பதற்கு ஒரே விடை கிடையாது. எந்தப் பொருள் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

அறிக்கையை வாசிக்கும்போது

1. நைட்ரேட்டின் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்காவின் வரம்பு 10. அமெரிக்கா ஐந்து மடங்கு கறார் என்று நினைக்க வேண்டாம். முன்னது நைட்ரேட் முழுவதையும், பின்னது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடை போடுகிறது. 10 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது சுமார் 44 மில்லிகிராம் நைட்ரேட். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அட்டவணைகளை ஒப்பிட்டால் பீதியும் வரும், வீண் நிம்மதியும் வரும்.

2. மாதிரி எடுத்த விதம். கிணற்றுக் குழாயில் நாட்கணக்கில் தேங்கிய நீர் பாறையின் நீர் ஆகாது. மின்கடத்துதிறன் (நீரில் உப்பு கூடக் கூடும் அளவு), வெப்பநிலை, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) மூன்றும் மாறாமல் நிலைக்கும்வரை இறைத்துவிட்டுத்தான் புட்டியில் பிடிக்க வேண்டும். பிஎச்சைக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். நிலத்தடி நீரில் அழுத்தத்தோடு கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியே வந்ததும் கழன்று போய்விடும். ஆய்வகத்துக்குப் போவதற்குள் பிஎச் ஏறி, சுண்ணாம்பு புட்டியின் சுவரிலேயே படிந்துவிடலாம்.

3. மின்சுமைச் சமன்பாடு. நேர் அயனிகளின் மொத்தமும் எதிர் அயனிகளின் மொத்தமும் மில்லிசமானத்தில் (எடையை அல்லாமல் மின்சுமையை எண்ணும் அலகில்) ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்; வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் இருப்பது வழக்கமான எதிர்பார்ப்பு. இது அறிக்கையில் இல்லாவிட்டால் நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

4. தரக் குறியீடு. பத்துப் பன்னிரண்டு அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் இந்தக் குறியீடுகள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. காரணத்தை ஒரு கற்பனை மாதிரியில் பார்க்கலாம். ஆறு அளவுகள், ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை விழுக்காடு என்று போடுவோம். திடப்பொருள் 50, குளோரைடு 20, சல்பேட் 10, நைட்ரேட் 20, கடினத்தன்மை 30. புளோரைடு மட்டும் 2.4 மில்லிகிராம், வரம்பான 1.5இல் 160 விழுக்காடு. மொத்தம் 290. ஆறால் வகுத்தால் 48. பல ஆய்வுகள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் 50க்குக் கீழே இருந்தால் ‘மிக நன்று’. அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லுக்கு இந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. புளோரைடுக்குக் கூடுதல் எடை கொடுத்தால் சிக்கல் குறையும், தீராது. உடல்நலம் சார்ந்த ஒவ்வொரு பொருளையும் தனியாக, வரம்போடு ஒப்பிட்ட அட்டவணைதான் முதலில் வேண்டும்.

5. வண்ண வரைபடம். நாற்பது கிணற்று மாதிரிகளை வைத்து முழு வட்டாரத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசுவது வழக்கமாகிவிட்டது. கிணறுகளுக்கு இடைப்பட்ட நிறமெல்லாம் மென்பொருளின் ஊகம். கடினப் பாறையில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விரிசல், அந்தப் பக்கம் வேறொரு விரிசல். நூறு மீட்டரில் புளோரைடு இரட்டிப்பாவது அதிசயம் இல்லை. மாதிரிப் புள்ளிகளைக் காட்டாத வரைபடத்தை வைத்து எந்தக் கிணற்றையும் மூடவோ திறக்கவோ கூடாது.

பாசனத்துக்கு வேறு கேள்வி

குடிக்க உதவாத நீர் பாசனத்துக்கு உதவலாம், எதிர்மாறாகவும் நடக்கும். வயலில் பார்க்க வேண்டியது இரண்டு. மொத்த உப்பு ஒன்று: 1954இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம் வகுத்த முறையில் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 750 மைக்ரோசீமென்ஸ் தாண்டினால் உப்பு மிகுந்த நீர், 2,250 தாண்டினால் மிக அதிகம். மற்றது, கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது. இதைச் சோடியம் உறிஞ்சு விகிதம் என்கிறார்கள். முன்னது நிலத்தை உவராக்கும், பின்னது களராக்கும். களர் நிலத்தில் களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளேயே இறங்காது. சோடியம் மிகுந்த நீரைப் பாய்ச்சி வந்த நிலத்தில் மழை பெய்ததும் மேலோடு இறுகி நீர் தேங்குவது இதனால்தான்: மழை உப்பைக் கழுவிவிட, துகள்களைச் சேர்த்துப் பிடித்திருந்த பிடியும் போய்விடுகிறது. ஜிப்சம் போடச் சொல்வது கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கத்தான்.

திட்டங்கள் இதை எப்படி மாற்றுகின்றன

தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் நல்லவைதான், இடம் பார்த்துக் கட்டினால். வண்டல் படிந்து அடி இறுகிய குட்டை, நீரை ஊறவிடுவதைவிட வெயிலுக்குத் தருவதே அதிகம். மிஞ்சுவது செறிந்த நீர். ஊருக்குக் கீழ்ப்புறம் கழிவு கலக்கும் ஓடையில் கட்டினால், நிலத்தடிக்குப் போய்ச் சேர்வது நைட்ரேட்டும் கிருமியும்தான். அப்புறம், மேட்டில் பத்து அணைகள் கட்டினால் பள்ளத்துக்குப் போகும் வெள்ளம் குறையும். அந்த வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுபோகவில்லை, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை உப்பையும் கழுவிக்கொண்டு போனது. நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நீர்வடிப்பகுதி என்பது பாராட்டாகச் சொல்லப்படுகிறது. உப்பையும் வெளியே விடாத நீர்வடிப்பகுதி என்று அதைப் படிக்க வேண்டும். நீர்வரவு செலவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் உப்பு வரவு செலவுக்கும் ஒரு பத்தி போட்டால் இது அப்போதே தெரிந்துவிடும். அதற்குத் தேவையான மின்கடத்துதிறன் மானி ஒரு கையடக்கக் கருவி. அளவை சுமார் 0.65ஆல் பெருக்கினால் கரைந்த திடப்பொருளின் தோராயம் கிடைக்கும்.

நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ நிலையங்களுக்கும் இதே கணக்குதான். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் திடப்பொருள் உள்ள நீரில் பாதியை நல்ல நீராக எடுத்தால், மறுபாதி ஏறக்குறைய 2,000 மில்லிகிராமோடு வெளியேறும். புளோரைடும் நைட்ரேட்டும் அதே வீதத்தில் செறிந்திருக்கும். கடற்கரையில் அதைக் கடலில் விடலாம். உள்நாட்டில் அது பக்கத்து வாய்க்காலில் விழுந்து அதே நீர்த்தாங்கிக்குத் திரும்புகிறது. சிக்கல் புளோரைடு மட்டும்தான் என்றால் புளோரைடைப் பிடித்துக்கொள்ளும் கிளர்வூட்டப்பட்ட அலுமினா வடிகட்டி, சேமித்த மழைநீரோடு கலப்பது, அல்லது அளவு குறைந்த வேறு கிணற்றைக் குடிநீருக்கு மட்டும் ஒதுக்குவது ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். உப்பே அதிகம் என்றால் ஆர்ஓ தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது கழிவு நீரை ஆவியாக்கும் குட்டை எங்கே, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு உண்டா, காய்ந்த உப்பை யார் எங்கே எடுத்துப் போவார்கள் என்பது திட்ட மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும்.